ஈரலில் உள்ள இரத்தக்குழாய்க் குறைக்கு இதயம் ஏன் வீங்குகிறது? அம்மாவின் நோய் குறித்து விளக்கம் தேவை

கொடிக்கால் மகள், சோழவந்தான்

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 54. சோழவந்தானில் எங்களுக்குக் கொஞ்சம் வெற்றிலைக் கொடிக்கால் உண்டு. சென்ற ஆண்டு வரை ஏணி வைத்து ஏறி வெற்றிலை கிள்ளி, கணக்குத் தப்பாமல் கவுளி கட்டியவர், இப்போது வாசலிலிருந்து தெருக்குழாய் வரை நடந்தாலே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறார். மாலையில் கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்து வெகுநேரம் அப்படியே நிற்கிறது.

சிறு வயதிலிருந்தே அவருக்கு வாரத்தில் இரண்டு மூன்று முறை சில்லுமூக்கு உடையும். அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்கும் அப்படித்தான் இருந்ததாம். எங்கள் வீட்டில் இதை யாரும் நோயாக எண்ணியதில்லை. உடம்புச் சூடு என்று சொல்லி, தலையில் தண்ணீர் ஊற்றி, அண்ணாந்து உட்காரவைத்து, நன்னாரி சர்பத்தோ இளநீரோ கொடுப்பதோடு சரி.

இரண்டு மாதங்களுக்கு முன்பு மதுரையில் ஒரு மருத்துவமனையில் வயிற்று ஸ்கேன் எடுத்துவிட்டு, ஈரல் சுருக்கம் என்றார்கள். வெற்றிலை பாக்கைத் தவிர வேறொன்றும் அறியாத அம்மாவுக்குக் குடிப்பழக்கம் உண்டா என்று என்னைத் தனியே அழைத்துக் கேட்டபோது எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. ஈரலில் ஊசி செலுத்திச் சதை எடுத்துப் பரிசோதிக்க நாளும் குறித்துவிட்டார்கள். அதற்கு முன் இதயத்தைப் பார்த்து வரும்படி வேறோர் இடத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த இளம் பெண் மருத்துவர் ஒருவர் அம்மாவின் கீழுதட்டைப் பிதுக்கிப் பார்த்தார். குண்டூசித் தலை அளவில் ஐந்தாறு சிவப்புப் புள்ளிகள் இருந்தன. இத்தனை ஆண்டுகளாக நாங்கள் அவற்றை வெற்றிலைக் கறை என்றே நினைத்திருந்தோம். அவர் ஒரு சிறு கண்ணாடித் துண்டை வைத்து அழுத்தியதும் புள்ளி மறைந்தது. கையை எடுத்ததும் நடுவிலிருந்து மீண்டும் சிவந்து நிரம்பியது. “கறையாக இருந்தால் அழுத்தும்போது மறையாது. இது இரத்தக்குழாய்” என்றார். வீட்டில் வேறு யாருக்காவது மூக்கில் இரத்தம் வருமா என்று கேட்டுவிட்டு, இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனுக்கு எழுதித் தந்தார்.

இப்போது கையில் இருக்கும் அறிக்கைகளின்படி, ஈரலுக்குச் செல்லும் பொதுத் தமனியின் விட்டம் 11 மில்லிமீட்டர். இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் இரத்தம் 8.4 லிட்டர், இதயத்தின் சுருங்கும் திறன் 68 விழுக்காடு, ஹீமோகுளோபின் 7.9. ஈரல் உண்டாக்கும் புரதமான ஆல்புமினும் இரத்தம் உறையும் நேரமும் சரியாக இருக்கின்றன. அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி மட்டும் இருமடங்கு உயர்ந்திருக்கிறது. இது பரம்பரையாக வரும் இரத்தக்குழாய் நோய் என்றும், எச்.எச்.டி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள் என்றும் விளக்கினார்கள்.

எனக்குப் புரியாதவை இவை. இதயம் 68 விழுக்காடு நன்றாகச் சுருங்குகிறது என்று எழுதிவிட்டு, அதே தாளின் அடியில் இதயச் செயலிழப்பு என்றும் எழுதியிருக்கிறார்களே, இரண்டும் எப்படி உண்மையாகும்? ஈரலில் இருக்கும் குறைக்கு இதயம் ஏன் தண்டம் கட்ட வேண்டும்? முதல் மருத்துவமனை குறித்த ஊசிப் பரிசோதனைக்கு அம்மாவை அழைத்துச் செல்லலாமா? கடைசியாக ஒன்று. என் கணவர் என் அம்மாவின் உடன்பிறந்த தம்பி, தாய்மாமனைத்தான் மணந்திருக்கிறேன். எங்களுக்கு ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவளை நினைத்தால் இரவில் தூக்கம் வருவதில்லை.

பொது மருத்துவன், மதுரை

அம்மா, நேரில் பார்க்காமல் மருந்து சொல்ல இயலாது. ஆனால் நீங்கள் தந்திருக்கும் எண்களே பாதிக் கதையைச் சொல்லிவிடுகின்றன.

முதலில் நோயின் அடிப்படையைச் சொல்கிறேன். தமனியில் வேகமாக வரும் இரத்தம் தந்துகி எனப்படும் மயிரிழைக் குழாய்களில் பரவி, அழுத்தம் குறைந்து, திசுக்களுக்கு உணவும் உயிர்வளியும் கொடுத்த பிறகே சிரையில் சேர வேண்டும். இந்த நோயில் சில இடங்களில் தந்துகி இல்லாமலே தமனி நேராகச் சிரையில் திறந்துகொள்கிறது. உதட்டிலும் நாக்கிலும் விரல் நுனியிலும் மூக்கின் உட்சுவரிலும் அது சிறு சிவப்புப் புள்ளியாக இருக்கும். நுரையீரலிலும் மூளையிலும் ஈரலிலும் பெரிய குழாய்ப் பின்னலாக இருக்கும். ஏறத்தாழ 5,000 பேரில் ஒருவருக்கு இது உண்டு. ரெண்டு 1896 இலும், ஆஸ்லர் 1901 இலும், வெபர் 1907 இலும் எழுதியதால், மூவர் பெயரையும் சேர்த்துப் பழைய பாடநூல்களில் குறிப்பிட்டிருப்பார்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. சோழவந்தான்காரருக்கு வாய்க்கால் கணக்கை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பேரணையில் திறந்த தண்ணீர் பெரிய வாய்க்காலில் வந்து, கிளை வாய்க்காலில் பிரிந்து, மடை மடையாக வயலில் பாய்ந்து, கடைசியில்தான் வடிகாலில் இறங்க வேண்டும். நடுவழியில் கரை உடைந்து வாய்க்கால் நேராக வடிகாலில் விழுந்தால் என்ன ஆகும்? வாய்க்காலில் தண்ணீர் கரைபுரண்டு ஓடும். ஆனால் கடைமடை காயும். கடைமடைக்காரர் போய் முறையிடுவார். மேலே இன்னும் அதிகமாகத் திறந்துவிடுவார்கள். திறந்ததில் பெரும்பகுதி மீண்டும் உடைப்பு வழியே போகும்.

உங்கள் அம்மாவின் உடம்பில் கரை உடைந்த இடம் ஈரல். முறையிடும் கடைமடைக்காரர் சிறுநீரகம். தனக்கு வர வேண்டிய அழுத்தம் குறைகிறது என்று உணர்ந்தவுடன் அது உப்பையும் தண்ணீரையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. இரத்தத்தின் கொள்ளளவு கூடுகிறது, இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தமும் கூடுகிறது, வந்ததையெல்லாம் இதயம் தள்ளியாக வேண்டியிருக்கிறது. ஓய்வாக இருக்கும் ஒருவரின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் வெளியேற்றும். உங்கள் அம்மாவுடையது 8.4 லிட்டரைத் தள்ளுகிறது. படுத்திருக்கும்போதும் அந்த இதயம் மாடிப்படி ஏறிக்கொண்டேயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுருங்கும் திறன் 68 விழுக்காடு என்பதில் பொய்யில்லை, தசை இன்னும் வலுவாகவே இருக்கிறது. ஆனால் தள்ள வேண்டிய அளவு தாங்கும் எல்லையைத் தாண்டிவிட்டதால் அறைகளில் அழுத்தம் ஏறி, நுரையீரலில் இரத்தம் தேங்கி மூச்சு வாங்குகிறது. காலில் நீர் கோக்கிறது. நாங்கள் இதனை மிகைவெளியேற்ற இதயச் செயலிழப்பு என்போம். மாரடைப்புக்குப் பின் வரும் செயலிழப்பில் கைகால்கள் சில்லிட்டிருக்கும். இதில் உள்ளங்கை வெதுவெதுப்பாக இருக்கும், நாடி துள்ளும். அடுத்த முறை அம்மாவின் கையைப் பிடித்துப் பாருங்கள்.

இதில் ஹீமோகுளோபின் 7.9 என்பதைச் சின்ன விஷயமாக எண்ண வேண்டாம். இரத்தத்தில் உயிர்வளி சுமக்கும் பொருள் குறைந்தால், இதயம் அதனைச் சுற்றுகளைக் கூட்டித்தான் ஈடுகட்டும். உடைப்பு ஒரு பக்கம் இழுக்க, சோகை மறுபக்கம் இழுக்கிறது. மூக்கு வழியே நாற்பது ஆண்டுகளாகப் போன இரும்பைத் திருப்பிக் கொடுத்தாலே, ஈரலைத் தொடாமல் இதயத்தின் சுமையில் ஒரு பங்கைக் குறைக்கலாம். எனக்கு இதுதான் முதல் வேலையாகத் தோன்றுகிறது. மாத்திரை போதாவிட்டால் இரும்பை நரம்பு வழியே ஏற்றலாம்.

அடுத்தது, ஈரலைப் பற்றி. அதில் மூன்று வகையான குறுக்கு வழிகள் உண்டாகலாம். ஈரல் தமனி நேராக ஈரல் சிரையில் திறந்தால் உங்கள் அம்மாவுக்கு வந்ததுபோல் இதயம் களைக்கும். தமனி போர்ட்டல் சிரையில் திறந்தால், குடலிலிருந்து ஈரலுக்கு வரும் பாதையில் அழுத்தம் ஏறி, வயிற்றில் நீர் கோக்கலாம். உணவுக்குழாயில் சிரைகள் புடைக்கலாம். போர்ட்டல் சிரை நேராக ஈரல் சிரையில் திறந்தால், ஈரல் வடிகட்ட வேண்டிய கழிவு வடிகட்டப்படாமல் மூளைக்குப் போய்க் குழப்பமும் தூக்கமும் தரலாம். ஒருவரிடமே இரண்டு மூன்று வகைகள் கலந்தும் இருக்கும். பித்தக்குழாய்களுக்கு ஈரல் தமனி ஒன்றுதான் ஊட்டம் தருகிறது என்பதையும் மறக்கக்கூடாது; அந்த இரத்தம் திசை மாறிப்போனால் முதலில் வாடுவது பித்தக்குழாய்தான். அல்கலைன் பாஸ்பட்டேஸ் உயர்ந்திருப்பது அதன் அடையாளம்.

இரத்த ஓட்டம் ஓரிடத்தில் மிகுந்து ஓரிடத்தில் குறைவதால், ஈரல் சில இடங்களில் முண்டு முண்டாகப் பருத்துவிடும். ஸ்கேனில் அது ஈரல் சுருக்கம்போலவே தெரியும். ஆனால் உண்மையான ஈரல் சுருக்கத்தில் ஆல்புமின் குறையும், இரத்தம் உறைய நேரம் பிடிக்கும். உங்கள் அம்மாவுக்கு அவை இரண்டும் சரியாக இருக்கின்றன என்றால், ஈரல் அணுக்கள் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கின்றன என்று பொருள். குடிப்பழக்கம் பற்றிக் கேட்டது வழக்கமான கேள்விதான். ஆனாலும் உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது.

ஊசிப் பரிசோதனைக்குச் செல்ல வேண்டாம். இந்த நோய் உறுதியானவருக்கோ, இருக்கக்கூடும் என்று ஐயப்படுபவருக்கோ ஈரலில் ஊசி செலுத்தக்கூடாது என்பது இந்நோய்க்கான பன்னாட்டு வழிகாட்டுதல். அழுத்தத்தோடு ஓடும் பின்னலில் ஊசி பட்டால் இரத்தம் நிற்பது கடினம். அப்படி எடுத்த சதையும் டாப்ளர் சொல்வதைவிட அதிகமாக எதையும் சொல்லப்போவதில்லை. அந்த மருத்துவமனைக்குப் புதிய அறிக்கையை எடுத்துப்போய் இதைப் பணிவாகச் சொல்லுங்கள், சண்டை தேவையில்லை.

மகளைப் பற்றிய கேள்விக்கு இரவில் பணி முடிந்ததும் எழுதுகிறேன். அதை அவசரத்தில் எழுதக்கூடாது.

மூலிகை நேயன், அலங்காநல்லூர்

சகோதரி, ஈரல் என்றாலே கீழாநெல்லிதான் நம் முன்னோர் கண்ட மருந்து. காலையில் வெறும் வயிற்றில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுங்கள். உடம்புச் சூட்டுக்கு நாளுக்கு இரண்டு இளநீர் கொடுங்கள். ஆங்கில மருந்து மூச்சுக்கு மட்டும் போதும்.

திருமங்கலத்துக்காரன்

அலங்காநல்லூர் அண்ணாச்சிக்கு மரியாதையுடன் ஒன்று சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் இந்த நோய் நான்கு பேருக்கு உண்டு. அவர்களில் நானும் ஒருவன். உங்களைப்போலவே நானும் எண்ணியிருந்தேன். கால் வீக்கத்துக்காக எனக்குக் கொடுத்த மாத்திரைகளில் ஒன்று உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கி வைக்கும் வகை என்பது எனக்குத் தெரியாது. இளநீரில் பொட்டாசியம் மிகுதி என்பதும் தெரியாது. தோப்பில் இறக்கிய இளநீரை நாளுக்கு மூன்று வீதம் பத்து நாள் குடித்துவிட்டு, நாடி தாறுமாறாக அடிக்கிறது என்று போய்ச் சேர்ந்தபோது, மருத்துவர் முதலில் கேட்டது இளநீரைப் பற்றித்தான். எனவே சகோதரி, அம்மாவின் மாத்திரைச் சீட்டைக் காட்டி மருத்துவரைக் கேட்காமல் இளநீர் கொடுக்க வேண்டாம். கீழாநெல்லி விஷயத்திலும் அப்படித்தான். இங்கே ஈரல் அணு கெடவில்லை, குழாய்தான் தவறாக இணைந்திருக்கிறது. குழாயின் இணைப்பை எந்தக் கஷாயமும் பிரிக்காது.

மூக்கைப் பற்றி அனுபவத்தில் சொல்கிறேன். அண்ணாந்து உட்காரவைப்பதை இன்றே நிறுத்துங்கள். இரத்தம் தொண்டை வழியே வயிற்றுக்குள் போய் வாந்தியாக வரும், எவ்வளவு போனது என்றும் தெரியாது. முன்பக்கமாகக் குனிந்து உட்கார்ந்து, மூக்கின் எலும்பில்லாத மென்மையான பகுதியை இரு விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டு, பத்து நிமிடம் வாயால் மூச்சு விட வேண்டும். நடுவில் நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்கக்கூடாது. என் மனைவி இதற்காகவே கடிகாரத்தை எதிரில் வைத்துவிடுவார். மூக்கின் உட்புறம் காய்ந்தால்தான் புள்ளிகள் வெடிக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டை நாளுக்கு நான்கைந்து முறை விட்டு ஈரமாக வைத்திருப்பது எனக்கு எந்த மாத்திரையையும்விட அதிகம் உதவியிருக்கிறது. பங்குனி, சித்திரை வெயிலில் இது மிகவும் முக்கியம். தலைவலிக்குக் கடையில் ஆஸ்பிரின் வாங்கிப் போடும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிட வேண்டும்.

ஈரல் பற்றி ஒரு துயரத்தையும் சொல்லத்தான் வேண்டும். என் அண்ணனுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு, வெளியூரில் ஒரு பெரிய மருத்துவமனையில், தொடை வழியே குழாய் விட்டு ஈரல் தமனியை அடைத்தார்கள். உடைப்பை அடைத்தால் இதயம் தேறும் என்பது அவர்கள் கணக்கு. இரண்டு வாரம் மூச்சு நன்றாகத்தான் இருந்தது. பிறகு குளிர்காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் வந்தன. மேலே மருத்துவர் ஐயா சொன்னாரே, பித்தக்குழாய்க்கு ஊட்டம் தருவது தமனி ஒன்றுதான் என்று, அது எங்களுக்கு அன்று தெரியவில்லை. பித்தக்குழாய்கள் அழுகிச் சீழ்பிடித்துவிட்டன. அண்ணன் தப்பவில்லை. யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. உங்களிடம் யாராவது தமனியை அடைத்துவிடலாம் என்று சொன்னால், அன்றைக்கே இன்னொரு மருத்துவரிடம் கேளுங்கள்.

ஸ்கேன் அறை

நான் ஸ்கேன் எடுத்து அறிக்கை எழுதும் மருத்துவர். சுருக்கமாக ஒரே ஒரு செய்தி. அம்மாவை இனி எங்கு அனுப்பினாலும், சீட்டில் ‘பரம்பரை இரத்தக்குழாய் நோய் உள்ளவர்’ என்று மருத்துவரை எழுதித் தரச் சொல்லுங்கள். சாதாரணமாக 4, 5 மில்லிமீட்டர் இருக்கும் ஈரல் தமனி 7 மில்லிமீட்டரைத் தாண்டினாலே எங்களுக்கு ஐயம் வர வேண்டும். 11 என்பது ஐயத்துக்கு இடமே இல்லாத அளவு. ஆனால் கூட்டமான நாளில், கறுப்பு வெள்ளையில் முண்டும் முடிச்சுமாகத் தெரியும் ஈரலை மட்டும் பார்த்துவிட்டு, வண்ண டாப்ளரைப் போடாமல் ஈரல் சுருக்கம் என்று எழுதிவிடுவது நடக்கக்கூடியதே. மேலும், இந்த நோயாளிகளின் ஈரலில் புற்றுநோய் அல்லாத கட்டிகள் மற்றவர்களைவிடப் பன்மடங்கு அதிகமாகக் காணப்படும். நோயின் பெயர் சீட்டில் இருந்தால் அவற்றைப் புற்று என்று எழுதி உங்களைக் கலங்கவைக்க மாட்டோம். ஊசி போட்டுப் பார்க்கவும் சொல்ல மாட்டோம்.

பொது மருத்துவன், மதுரை

திருமங்கலம் நண்பர் எழுதியதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. அவர் சொன்னது முற்றிலும் சரி. ஈரல் தமனியை அடைக்கும் முறை இந்த நோய்க்கு இன்று பரிந்துரைக்கப்படுவதில்லை.

இனி மகளைப் பற்றி. சொந்தத்தில் மணந்ததால்தான் இந்த நோய் வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இது ஓங்கு மரபு வழியில் வருவது. தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து ஒரு மாறிய மரபணு வந்தாலே போதும். மற்றவர் முற்றிலும் அயலாராக இருந்தாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு சரிபாதி. தாத்தாவிடமிருந்து உங்கள் அம்மாவுக்கு வந்தது. அம்மாவிடமிருந்து உங்களுக்கு வந்திருக்கச் சரிபாதி வாய்ப்பு. உங்கள் குடும்பத்தில் உள்ள சிக்கல் வேறு. உங்கள் கணவரும் அதே தாத்தாவின் மகன். அவருக்கும் வந்திருக்கச் சரிபாதி வாய்ப்பு உண்டு. ஆகவே குழந்தைக்கு இரண்டு பக்கமும் கதவு திறந்திருக்கிறது. பெற்றோர் இருவருக்குமே இருந்தால், பிள்ளைக்குக் குறைந்தது ஒரு பிரதியாவது வரும் வாய்ப்பு நான்கில் மூன்றாகிறது. இருவரிடமிருந்தும் இரண்டு பிரதிகள் வருவது மிகக் கடுமையானது. எலிகளில் செய்த ஆய்வுகளில் அத்தகைய குட்டிகள் கருவிலேயே இறந்துவிட்டன. ஆறு வயது வரை ஓடியாடி வளர்ந்திருக்கும் உங்கள் மகளைப் பற்றி அந்த அச்சம் வேண்டாம். அடுத்த குழந்தை வேண்டும் என்று எண்ணினால் மட்டும் அதற்கு முன் நீங்கள் இருவரும் கட்டாயம் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

பரிசோதனையை அம்மாவிடமிருந்து தொடங்குங்கள். எண்டோகிளின் என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் முதல் வகை, ஏ.சி.வி.ஆர்.எல்.1 என்பதில் இருந்தால் இரண்டாம் வகை. முதலாவது 1994 இலும் மற்றது 1996 இலும் கண்டறியப்பட்டன. எஸ்.எம்.ஏ.டி.4 என்ற மூன்றாவது ஒன்றும் உண்டு. அதில் மாற்றம் உள்ளவர்களுக்குக் குடலில் சதை வளர்ச்சிகளும் வரும் என்பதால் குடலையும் கண்காணிக்க வேண்டும். ஈரல் அதிகமாகப் பாதிக்கப்படுவது இரண்டாம் வகையில். அதிலும் பெண்களுக்கே தொல்லை மிகுதி. அம்மாவின் இரத்தத்தில் இன்ன மரபணுவில் இன்ன இடத்தில் மாற்றம் என்று தெரிந்துவிட்டால், உங்களுக்கும் கணவருக்கும் மகளுக்கும் அந்த ஓரிடத்தை மட்டும் பார்த்தால் போதும். செலவும் குறையும், விடையும் உறுதியாக இருக்கும். அம்மாவைப் பார்க்காமல் மகளுக்கு மட்டும் பார்த்து, ஒன்றும் இல்லை என்று வரும் முடிவை நம்ப முடியாது.

மருத்துவர்கள் கூராசாவோ அளவுகோல் என்று ஒன்றை வைத்துத்தான் இந்நோயை உறுதி செய்கிறார்கள். 2000 ஆம் ஆண்டில் வெளிவந்தது. தானாக வரும் மூக்கு இரத்தக்கசிவு, உரிய இடங்களில் சிவப்புப் புள்ளிகள், உள்ளுறுப்பில் குழாய்க் குறை, முதல்நிலை உறவினருக்கு இந்த நோய் ஆகிய நான்கில் மூன்று இருந்தால் நோய் உறுதி. உங்கள் அம்மாவுக்கு முதல் மூன்றும் சந்தேகமில்லாமல் இருக்கின்றன. ஆனால் ஆறு வயதுக் குழந்தைக்கு இந்தக் கணக்கு உதவாது. மூக்கில் இரத்தம் வருவது சராசரியாகப் பன்னிரண்டு வயதையொட்டித்தான் தொடங்கும். புள்ளிகள் இன்னும் தாமதமாக, பலருக்கு முப்பது வயதுக்கு மேல் தெரியும். எனவே ஒன்றும் தெரியவில்லை என்பதால் ஒன்றும் இல்லை என்று கொள்ளக்கூடாது.

ஒரே குடும்பத்தில் ஒரே மாற்றம் இருந்தும் தாத்தாவுக்கு மூக்கோடு நின்றிருக்கலாம், அம்மாவுக்கு ஈரல், வேறொருவருக்கு நுரையீரல் என்று வரும். படம் எடுத்துப் பார்த்தால் இந்நோய் உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் ஈரலில் ஏதாவதொரு குறை தெரிகிறது. ஆனால் அதனால் உடல் தொல்லைக்கு ஆளாகிறவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. ஆகவே ஈரலைப் பற்றி இப்போது நீங்கள் உங்களுக்காக அஞ்ச வேண்டாம். நான் அதிகம் கவலைப்படுவது நுரையீரலைப் பற்றி. அங்கே தமனியும் சிரையும் நேராக இணைந்திருந்தால், சிறு இரத்தக்கட்டியோ கிருமியோ வடிகட்டப்படாமல் மூளைக்குப் போய்ப் பக்கவாதத்தையோ சீழ்க்கட்டியையோ உண்டாக்கும்; அதுவரை எந்த அறிகுறியும் இல்லாமலே இருக்கலாம். இதைக் கண்டறிய எளிய வழி உண்டு. உப்புநீரைச் சிறிதளவு காற்றோடு கலக்கிக் கை நரம்பில் செலுத்திவிட்டு, எக்கோ எனப்படும் இதய ஸ்கேனில் பார்ப்பார்கள். குமிழிகள் நுரையீரலிலேயே தங்கிவிட வேண்டும். மூன்று நான்கு துடிப்புக்குப் பிறகு இதயத்தின் இடப்பக்கம் தெரிந்தால், நுரையீரலில் குறுக்கு வழி இருக்கிறது என்று அறியலாம். ஈரலைப்போல் அல்லாமல், நுரையீரலில் உள்ள குறையைக் குழாய் வழியே அடைப்பதுதான் சரியான மருத்துவம். அம்மாவுக்கு இது இன்னும் செய்யப்படவில்லை என்றால் உடனே செய்யுங்கள். அதுவரை அவருக்கு நரம்பு வழியே எது ஏற்றினாலும் குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும்; பல் பிடுங்கும் முன் கிருமிக்கொல்லி மருந்து வேண்டுமா என்றும் கேட்க வேண்டும்.

கொடிக்கால் மகள், சோழவந்தான்

ஐயாவுக்கும், திருமங்கலம் அண்ணனுக்கும், ஸ்கேன் மருத்துவருக்கும் என் நன்றி. அண்ணனின் இழப்பைப் படித்து அம்மாவே அழுதுவிட்டார். ஊசிப் பரிசோதனையை நிறுத்திவிட்டோம். புதிய அறிக்கையைப் பார்த்ததும் அந்த மருத்துவரும் மறுப்புச் சொல்லவில்லை. அம்மாவின் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தேன், ஐயா சொன்னதுபோல் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. இத்தனை நாள் அதையும் சூடு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். இரும்பும் நீர்ப்பெருக்கு மாத்திரையும் போதாமல் போனால் அடுத்து என்ன வழி என்று மட்டும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். ஈரலையே மாற்ற வேண்டியிருக்கும் என்று ஒருவர் சொல்லிப் பயமுறுத்திவிட்டார்.

பொது மருத்துவன், மதுரை

மாற்றுவது கடைசிப் படி, அம்மா. இப்போது நீங்கள் முதல் படியில்தான் இருக்கிறீர்கள். உப்பைக் குறைத்தல், நீர்ப்பெருக்கு மாத்திரை, சோகையைத் தீர்த்தல், நாடி ஒழுங்கு தவறினால் அதைச் சரிசெய்தல் ஆகிய இவற்றை முறையாகச் செய்தாலே பெரும்பாலானோர் தேறிவிடுகிறார்கள். உப்பைக் குறைக்கச் சொன்னால் நம் ஊரில் குழம்பில் மட்டும் குறைப்பார்கள். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு நான்கும் இலைக்கு வராமல் இருப்பதே உண்மையான உப்புக் குறைப்பு. தினமும் காலையில், காலைக்கடன் முடித்தபின், ஒரே எடைக்கருவியில் எடையைக் குறித்து வையுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதையல்ல, தண்ணீர். அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திருக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும்.

அதற்கும் கட்டுப்படாவிட்டால் பெவாசிசுமாப் என்றொரு ஊசி மருந்து இருக்கிறது. புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்டது, புதிய இரத்தக்குழாய்களை முளைக்கத் தூண்டும் புரதத்தைத் தடுப்பது. பிரான்சின் லியோன் நகரத்து மருத்துவர்கள், ஈரல் குறையால் இதயம் மிகையாக வெளியேற்றிய 25 பேருக்கு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வீதம் ஆறு முறை இதைக் கொடுத்து, முடிவை 2012 இல் வெளியிட்டார்கள். உடற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் நிமிடத்துக்கு 5.05 லிட்டராக இருந்த வெளியேற்றம் மூன்று மாதத்தில் 4.2 ஆகக் குறைந்தது. கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்ட 24 பேரில் 3 பேருக்கு முற்றிலும் சீரானது, 17 பேருக்கு ஓரளவு குறைந்தது, 4 பேருக்குப் பயனில்லை. மூக்கில் இரத்தம் வருவதும் வெகுவாகக் குறைந்தது. என் கருத்தைக் கேட்டால், உங்கள் அம்மாவின் ஹீமோகுளோபின் 11ஐத் தொடும் வரை இந்த ஊசியைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்பேன். இரத்த அழுத்தத்தை ஏற்றும், புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும் என்பன போன்ற விலைகளும் இதற்கு உண்டு. நிறுத்தினால் நோய் திரும்பவும் கூடும்.

இவை எதற்கும் அடங்காத செயலிழப்புக்கும், பித்தக்குழாய் அழுகலுக்கும், கட்டுப்படாத போர்ட்டல் அழுத்தத்துக்கும்தான் ஈரல் மாற்று. செய்தால் இதயம் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது; உடைப்பு இருந்த வாய்க்காலையே மாற்றிவிடுகிறோம் அல்லவா. மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பகிர்ந்தளிக்கும் ஏற்பாடு தமிழ்நாட்டில் 2008 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். உறவினர் ஒருவர் தன் ஈரலில் ஒரு பகுதியைத் தர முன்வந்தால், அவருக்கு இந்த மரபணு மாற்றம் இல்லை என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். உங்கள் குடும்பத்தில் முதலில் முன்வரக்கூடியவர் உங்கள் கணவர்தான் என்பதால் இதைச் சொல்கிறேன்.

கொடிக்கால் மகள், சோழவந்தான்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். அம்மாவுக்கு இரும்பு மூன்று முறை ஏற்றினார்கள், ஹீமோகுளோபின் 10.2 ஆகியிருக்கிறது. எடை நான்கரைக் கிலோ குறைந்து, கணுக்கால் எலும்பு கண்ணுக்குத் தெரிகிறது. தெருக்குழாய்க்குப் போய்க் குடம் எடுக்காமல் திரும்பி வருகிறார். குடத்தை எடுக்கக்கூடாது என்று நான் சொல்லியிருக்கிறேன், இல்லாவிட்டால் எடுத்துவிடுவார். குமிழி எக்கோவில் அவருடைய நுரையீரல் சரியாக இருக்கிறது என்று வந்தது. மரபணுப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்திருக்கிறோம்; முடிவு இன்னும் வரவில்லை.

ஐயாவின் கடைசி வரியைப் படித்த அன்றிரவு, என் கணவரிடம் சிறு வயதில் மூக்கு உடைந்ததுண்டா என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் எப்போதோ உடைந்தது, பிறகு இல்லை என்றார். அவரும் வெற்றிலை போடுபவர்தான். வாயை நன்றாகக் கொப்பளிக்கச் சொல்லி, விளக்கின் அடியில் உட்காரவைத்து, அடுக்களையிலிருந்து கண்ணாடி டம்ளரை எடுத்து வந்து அதன் அடிப்பாகத்தைக் கீழுதட்டில் வைத்து அழுத்தினேன். கறையெல்லாம் அப்படியே இருந்தது. வலது ஓரத்தில் ஒரே ஒரு புள்ளி மட்டும் மறைந்து, டம்ளரை எடுத்ததும் மீண்டும் சிவந்தது. என் உதட்டை அவர் பார்த்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார். அவருக்கும் எனக்கும் வரும் வியாழக்கிழமை குமிழி எக்கோவுக்கு நேரம் வாங்கியிருக்கிறோம். மகளுக்கு அம்மாவின் முடிவு வந்த பிறகு பார்க்கலாம் என்று அந்தப் பெண் மருத்துவர் சொல்லியிருக்கிறார்.